நடந்தோரும் உலாவியோரும்: நுவரெலியா வரலாற்றில் ஒரு நோக்கு

தமிழிலக்கியத்தில் வழிநடையைப் பாடுவதற்கு இருவேறு மரபுகள் உள்ளன. வறுமையால் வாடிய பாணனும் கூத்தனும் தத்தம் சுற்றத்துடன் காடும் மலையும் கடந்து வள்ளல் ஒருவனை நாடிச் செல்வதை ஆற்றுப்படை பாடிற்று. அரசனோ இறைவனோ பரிவாரம் புடைசூழ வீதியிற் பவனி வருவதை உலா பாடிற்று. ஆற்றுப்படையில் நடப்பவனுக்குப் போய்ச்சேரும் இடமே முக்கியம். வழி அவனுக்குத் துன்பம். உலாவில் வருபவனுக்கோ போய்ச்சேர வேண்டிய இடமென ஒன்றில்லை, வருதலே காட்சி. ஒரே தெருவில் இவ்விருவரும் எதிர்ப்பட்டிருந்தால் எவர் விலகி வழிவிட்டிருப்பர் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இலங்கையின் மத்திய மலைநாட்டில், சிறப்பாக நுவரெலியாவிலும் ஹட்டனைச் சூழ்ந்த பகுதிகளிலும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவ்வாறு எதிர்ப்பட்ட இரு கூட்டத்தாரின் வரலாறே ஈண்டு ஆராயப்படுகின்றது.

இன்ன நாழிகையில் இன்ன இடம் என்ற நியமமெதுவுமின்றி, அறியாத நகரொன்றைக் கால்போன போக்கிற் சுற்றிக் காண்பது இன்று பலரும் விரும்பும் பொழுதுபோக்கு. அது மனித இயல்பு போலத் தோன்றினும், அதற்கும் ஒரு வரலாறு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் குளிர்நாட்டு ஆங்கிலேயருள் வசதி படைத்தோர் நோய் தணிக்கவும் பொழுது கழிக்கவும் தென் ஐரோப்பாவின் கடற்கரை நகரங்களை நாடினர். ஸ்பெயினின் தென்கரையிலுள்ள மாலகா அவற்றுள் ஒன்று. ரிச்சர்ட் போர்ட் என்பார் ஸ்பெயினுக்குச் செல்லும் பயணிகளுக்கென எழுதிய கைந்நூல் 1845 இல் இலண்டனில் வெளிவந்தது. 1897 இல் மாலகாவின் பிரமுகர்கள் தம் நகரின் காலநிலையைப் பிறருக்கு எடுத்துரைப்பதற்கென்றே ஒரு சங்கத்தை நிறுவினர். வெயில் அங்கு விலைப்பொருளாயிற்று. வெப்பமண்டலக் குடியேற்ற நாடுகளில் இந்நிலை தலைகீழாயிற்று. கடற்கரைத் துறைமுகங்களிற் பணிபுரிந்து வெந்த வெள்ளையர் குளிரை நாடி மலையேறினர். கோயம்புத்தூர்க் கலெக்டராயிருந்த யோன் சலிவன் நீலகிரியின் மேற்றளத்தை அடைந்தது 1819 இல். அதே ஆண்டில், இலங்கையிற் படை மருத்துவராயிருந்த டாக்டர் யோன் டேவி நுவரெலியாச் சமவெளிக்குச் சென்றார். 1821 இல் அவர் வெளியிட்ட நூலின் வழியே அச்சமவெளி ஆங்கில வாசகருக்கு அறிமுகமாயிற்று.

ஆங்கிலேயர் நுவரெலியாவைக் ‘கண்டுபிடித்தனர்’ என்று வழிகாட்டி நூல்கள் இன்றும் எழுதுவதுண்டு. கடல்மட்டத்துக்கு மேல் 6,000 அடிக்கும் சற்றுக் கூடிய உயரத்திலே, இலங்கையின் அதியுயர் சிகரமாகிய பீதுருதாலகாலையின் அடிவாரத்திற் கிடந்த அச்சமவெளியைச் சுற்றுப்புறச் சிங்களக் கிராமத்தவர் அறியாதிருந்தனரல்லர். அதற்கு அவர்கள் இட்ட பெயரே இன்றும் வழங்குகின்றது. கண்டுபிடிப்பு என்னும் சொல் எவருடைய ஏட்டில் எழுதப்படுகின்றது என்பதைப் பொறுத்தே பொருள் கொள்கின்றது போலும்.

தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸின் காலத்தில் (1824–1831) இப்பகுதி அரசின் கவனத்தைப் பெற்றது. நோயுற்ற படைவீரர் உடல் தேறுவதற்கான மனையொன்று அங்கு நிறுவப்பட்டது. தேசாதிபதி தமக்கெனவும் ஓர் இல்லம் அமைத்தார். அவ்விடமே பிற்காலத்திற் கிராண்ட் ஹோட்டலாயிற்று. கம்பளையிலிருந்து புசல்லாவை, இறம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் பாதை திறக்கப்பட்டது. பார்ன்ஸ் சாலைகளாற் புகழ்பெற்றவர். அச்சாலைகளுட் பலவற்றை இட்ட கைகள், 1832 இல் இராசகாரியம் ஒழிக்கப்படும்வரை கூலியின்றி உழைத்த கண்டிக் கிராமத்தவரின் கைகள் என்பது அத்துணை நினைக்கப்படுவதில்லை. உலாவுதற்கு முதலில் வேண்டுவது சாலை. அதனை இட்டவர் உலாவுவதற்காக இட்டாரல்லர்.

நுவரெலியாவில் உலாவுதலை ஒரு வாழ்க்கைமுறையாகவே ஆக்கிக்கொண்டவர் சாமுவேல் பேக்கர். பின்னாளில், 1864 இல், ஆபிரிக்காவில் அல்பேர்ட் ஏரியை அடைந்து பெரும்புகழ் ஈட்டிய அதே பேக்கரே இவர். முதன்முறை யானை வேட்டைக்காக இலங்கை வந்தபோது காய்ச்சலுற்று, நுவரெலியாவிற் சில நாட்கள் தங்கி உடல் தேறினார். அக்குளிர் அவரை மயக்கிற்று. அங்கே ஓர் ஆங்கிலக் கிராமத்தையே நட்டுவிடலாம் எனத் துணிந்து, 1848 இல் உறவினரும் வேலையாட்களும் வேட்டை நாய்களும் இங்கிலாந்துப் பசுவும் புடைசூழ மீண்டு வந்தார். அரசிடம் காணி வாங்கிக் காடு வெட்டினார். வண்டிக்காரன் ஒருவன் குடிமயக்கத்தில் இறம்பொடைக் கணவாயில் வண்டியையும் குதிரைகளையும் பள்ளத்தில் வீழ்த்திய கதையை அவர் வெகு சுவையாக விரித்துரைக்கின்றார். 1855 இல் நாடு திரும்பிய பின்னர் அவர் வெளியிட்ட நூலின் பெயரைத் தமிழில் ‘இலங்கையில் எட்டாண்டு அலைவுகள்’ எனலாம். அலைவு என்பதை ஒருவர் தம் நூலுக்குத் தலைப்பாகவே இட்டுப் பெருமை கொள்ள முடிந்தமை நோக்கற்பாலது. விடிந்ததும் நாய்களோடு புறப்பட்டு, மான் ஓடிய திசையெல்லாம் ஓடி, இருட்டிய இடத்திற் கூடாரமடித்த மனிதரின் நூல் அது. ஹோட்டன் சமவெளியிலும் மூன்சமவெளியிலும் அவரை மறித்து ‘எங்குச் செல்கிறீர், எவருடைய அனுமதியோடு செல்கிறீர்’ என வினவ ஒருவரும் இருக்கவில்லை.

அவருக்குப் பின் வந்தோர் உலாவுதற்கு ஏற்ற நகரொன்றையே சமைத்தனர். தேசாதிபதி வில்லியம் கிரகரியின் ஆணைப்படி 1873 இல் நீரோடை தடுக்கப்பட்டு அவர் பெயரால் ஓர் ஏரி உருவாயிற்று. 1876 இல் மலைக் கழகம் தோன்றிற்று. சுதந்திரம் பெற்றுப் பல ஆண்டுகள் கழிந்த பின்னரே அதன் கதவு இந்நாட்டவருக்குத் திறந்தது. குதிரைப் பந்தயத் திடல், கோல்ப் திடல், 1897 இல் மகாராணியின் வைரவிழாவை ஒட்டிய விக்டோரியாப் பூங்கா என ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. புகையிரதம் 1884 இல் ஹட்டனையும் 1885 இல் நானுஓயாவையும் எட்டியதும், கொழும்பில் வெயில் கடுமையாகும் காலத்தில் அரசாங்க உத்தியோகத்தரும் வணிகரும் குடும்பத்தோடு இங்கு வந்து சேர்வது வழக்கமாயிற்று. ஏரியைச் சுற்றி மாலைநடை, மலைச்சரிவிற் குதிரைச் சவாரி, காரணமின்றிக் கூடிப் பிரிதல் என்பனவே அவர்தம் அலுவல். இவையனைத்தும் பலரும் அறிந்தவை. நுவரெலியா பற்றிய நூல்களும் படங்களும் இவற்றோடு நின்றுவிடுகின்றன.

இதே பாதைகளில் நடந்த பிறரைப் பற்றியே கூற வேண்டியது அதிகமுண்டு.

1820களிற் கம்பளைப் பகுதியிற் பெருந்தோட்டமாகத் தொடங்கிய கோப்பிச் செய்கை, 1840களில் மலைநாடெங்கும் பரவியபோது, அதற்கு வேண்டிய உழைப்பாளர் தென்னிந்தியாவின் தமிழ் மாவட்டங்களிலிருந்து வந்தனர். பஞ்சமும் கடனும் சாதிக்கொடுமையும் அவர்களை ஊரைவிட்டுத் துரத்தின. பாய்மரத் தோணியில் மன்னார்க் கரையை அடைந்த பின் ஏறத்தாழ 150 மைல் காட்டுவழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்தனர். அதன்பின் அவரவர் தோட்டத்துக்கு மலையேற வேண்டும். முன்னே கங்காணி, பின்னே அவன் சேர்த்த ஆட்கள், தலையிற் சட்டியும் கம்பளியும், இடுப்பிற் குழந்தை. நீரற்ற வழியில் வாந்திபேதியும் அம்மையும் கொண்டுபோனவர் பலர். அத்தொகை பற்றி ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயின் வடக்குப் பாதையோரம் பிணங்கள் கிடந்ததை அக்காலத்து ஆங்கிலேயரே பதிவு செய்துள்ளனர் என்பதில் வேறுபாடில்லை. நெடுவழியின் முடிவில் மாத்தளையில் எழுந்துள்ள முத்துமாரியம்மன் கோயில், அம்மை நோயின் தெய்வத்துக்கு உரியதாயிருத்தல் தற்செயலன்று எனத் தோன்றுகின்றது.

பேக்கரின் வண்டி கவிழ்ந்த இறம்பொடைச் சரிவிலே, நுவரெலியாப் பக்கத்துத் தோட்டங்களுக்குச் சென்ற இம்மக்களும் ஏறினர். ஒரே மலை, ஒரே மழை, ஒரே வழுக்கற் பாதை. எனினும் வண்டி கவிழ்ந்த கதை நூலேறிற்று. நடந்தவர் கதை நூலேறவில்லை. அவர்கள் நாட்குறிப்பு எழுதினாரல்லர். தாலாட்டிலும் ஒப்பாரியிலும் கும்மியிலும் தங்கிநின்ற செய்திகளைத் தவிர அந்நடையைப் பற்றி நடந்தவரே கூறியது மிகக் குறைவு. எனவே மலைநாட்டின் வரலாற்றை எழுதப் புகுவோர் உலாவியோரின் ஏடுகளையே சான்றாகக் கொள்ள நேர்கின்றது. அவ்வேடுகளில் நடந்தோர் ‘கூலிகள்’ என்னும் ஒற்றைச் சொல்லாய், பெரும்பாலும் எண்ணிக்கையாய், காட்சியின் ஓரத்தில் மட்டுமே வந்து போகின்றனர். ஏட்டின் இக்குறையை உணராது அதனை மட்டும் கொண்டு எழுதப்படும் வரலாறு, எவ்வளவு நுணுக்கமானதாயினும், உலாவியோரின் வரலாறாகவே முடியும்.

இவ்வேறுபாட்டை வறுமைக்கும் செல்வத்துக்கும் உள்ள வேறுபாடு என்று மட்டும் கொள்ளுதல் போதாது. அது சட்டத்தால் ஆக்கப்பட்டது. 1841 இல் இலங்கையில் அலைந்து திரிவோர் பற்றிய கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. இங்கிலாந்தின் 1824ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒத்த அது, பிழைப்புக்குக் கண்கூடான வழியின்றிப் பிறர் திண்ணையிலோ கொட்டிலிலோ தங்கும் ஒருவனைத் தண்டிக்க வகைசெய்தது. ஏழாண்டுகள் கழித்துப் பேக்கர் தம் எட்டாண்டு அலைவைத் தொடங்கினார். கூடாரத்தில் தூங்கினால் வேட்டை. கொட்டிலில் தூங்கினால் குற்றம். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க எசமான் ஊழியர் கட்டளைச் சட்டம், முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்குதலைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கிற்று. கூலி கொடாத துரைமேல் வழக்காடலாம் என்பதும் அச்சட்டத்தில் இருந்ததே. ஆயின் வழக்காட நீதிமன்றம்வரை நடப்பதற்கே தோட்டத்தைவிட்டு நீங்க வேண்டியிருந்தது.

சட்டத்தினும் வலியதாயிருந்தது ‘துண்டு’ என வழங்கிய ஒரு கடதாசித் துண்டு. இதன் இயக்கத்தைச் சற்று விரிவாக நோக்குதல் தகும். ஊரிலிருந்து புறப்படுகையிற் பழங்கடன் தீர்க்கவும், வழிச்செலவுக்கும், அரிசிக்கும், கம்பளிக்குமெனக் கங்காணி கொடுத்ததெல்லாம் தொழிலாளியின் கணக்கிற் கடனாக ஏறிற்று. கங்காணிக்கு அப்பணத்தைத் துரை முன்பணமாகக் கொடுத்திருந்தான். எனவே தொழிலாளி கங்காணிக்கும், கங்காணி துரைக்கும் கடன்பட்டிருந்தனர். ஒரு கூட்டத்தார் வேறொரு தோட்டத்துக்குச் செல்ல விரும்பின், இன்ன தொகை கொடுக்கப்படின் இவர்களை விடுவிப்பேன் எனத் துரை ஒரு துண்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். புதிய துரை அத்தொகையைச் செலுத்தி ஆட்களைப் பெற்றுக்கொள்வான். கடன் தீர்ந்ததா எனின் இல்லை; அது புதிய தோட்டத்துக்குக் கூடவே சென்றது. துண்டு இன்றி வந்தவனுக்கு வேறெந்தத் தோட்டத்திலும் வேலையில்லை. துண்டோடு வந்தவனுக்கு வேலையுண்டு. அவன் தலைமேல் விலையும் உண்டு. துரைமார் ஆட்களுக்காகப் போட்டியிட்ட காலங்களில் இத்துண்டுகள் கங்காணிகளின் கைகளில் ஏலப்பொருள் போல் ஏறியிறங்கின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே தகரச் சீட்டு முறை இதனோடு சேர்ந்தது. தோட்டத்துக்குரிய எழுத்தும் இலக்கமும் பொறித்த தகர வில்லையொன்று தமிழகத்திலேயே ஆளிடம் கொடுக்கப்படும். அதனைக் காட்டி அவன் வழியெங்கும் சோறும் வண்டியும் பெற்று, அவ்விலக்கத்துக்குரிய தோட்டத்திற் போய்ச்சேர வேண்டும். இவற்றை மேற்பார்க்கத் துரைமார் சங்கம் 1904 இல் திருச்சிராப்பள்ளியில் அலுவலகம் ஒன்றையும் நிறுவிற்று. பயணத்துக்கு முன்னரே போய்ச்சேரும் இடம் தகரத்திற் பொறிக்கப்பட்டுவிட்டது. துண்டு முறையும், ஒப்பந்தம் மீறியோரைச் சிறையிடும் விதிகளும் 1921 இல் நீக்கப்பட்டன.

எனினும் இம்மக்களை விலங்கிட்ட அடிமைகளாக மட்டும் சித்திரிப்பதும் வரலாற்றுக்குப் பொருந்தாது. கோப்பிக் காலத்தில் அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பியோர் பலர். மறுபருவம் மீண்டும் நடந்து வந்தனர். இரவோடிரவாகத் தோட்டத்தைவிட்டு ஓடினோரும் உளர். ஓட்டத்தைத் தடுக்கவே அத்தனை சட்டங்கள் தேவைப்பட்டன என்பதே அவர்கள் ஓடினர் என்பதற்குச் சான்று. மனிதரை மேலும் இறுகக் கட்டியது பயிரின் மாற்றமே. 1869 இல் தோன்றிய இலைநோயாற் கோப்பி அழிந்தது. 1867 இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் நட்டுக் காட்டிய தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. கோப்பி ஆண்டுக்கு ஒரு பருவம் ஆள் கேட்டது. தேயிலை ஆண்டு முழுவதும் கேட்டது. வந்து போனவர் லயத்திற் குடியானார். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் தலைமுறைகள் பிறந்தன.

தேயிலைத் தோட்டத்துப் பெண் நாளும் நடந்த தூரத்தை எவரும் அளந்ததாகத் தெரியவில்லை. விடியுமுன் பிரட்டுக் களத்துக்கு, அங்கிருந்து கங்காணி சொன்ன மலைக்கு, மலையில் தனக்குக் கிடைத்த நிரையில் மேலும் கீழும், நிறுவைக்குக் கூடையோடு இறக்கம், மீண்டும் ஏற்றம், பொழுது சாயப் பிள்ளைக் காம்பராவுக்கு. நுவரெலியா ஏரியைப் பன்முறை சுற்றிவரும் தூரம் அதில் அடங்கியிருத்தல் கூடும். அத்தனை நடையும் ஒரு நிரையின் அகலத்துக்குள் நடந்தது. பக்கத்துத் தோட்டத்தை ஆண்டுக்கொரு முறை காண்பதே அரிது. அடுத்த தோட்டத்திலுள்ள உறவினர் வந்து தங்குவதற்கும் துரையின் சம்மதம் வேண்டியிருந்தது. லயமும் பாதையும் தனியார் உடைமை; 1883ஆம் ஆண்டுத் தண்டனைக் கோவையின் அத்துமீறற் குற்றம் அவ்வுடைமைக்குக் காவல்.

ஆயினும் உலா அவர்களிடமும் இருந்தது. சம்பளம் போட்ட மறுஞாயிறு ஹட்டன், தலவாக்கலைக் கடைத்தெருக்களில் அவர்கள் குடும்பத்தோடு திரிந்தனர். வாங்குவதற்கு ஒன்றுமில்லாதபோதும் திரிந்தனர். மாசியிற் காமன் கூத்துத் தோட்டத்து லயங்களைச் சுற்றி வந்தது. மாரியம்மன் தேர் மலைப்பாதையில் ஏறி இறங்கிற்று. மார்கழிக்குப் பின் மஸ்கெலியா வழியே சிவனொளிபாத மலைக்கும், ஆடியிற் கதிர்காமத்துக்கும் கூட்டங் கூட்டமாகச் சென்றனர். ஸ்கொத்லாந்திலும் இங்கிலாந்திலுமிருந்து பெயர்பெற்ற தோட்டங்களுக்கு அவர்கள் தாமே தமிழ்ப்பெயரிட்டு வழங்கினர். நுவரெலியாவும் அவர்கள் வாயில் ‘நூரளை’யாயிற்று. துரையின் நிலப்படத்தின்மேல் எழுதப்படாத இன்னொரு நிலப்படம் இருந்தது எனலாம். மலையக நாட்டார் வழக்காறுகளை ஆராய்வோர் பாடல்களைத் திரட்டிய அளவுக்கு இவ்விடப்பெயர்களைத் திரட்டவில்லை. அது செய்யத்தக்க பணி.

தோட்டத்தின் எல்லை உள்ளிருந்தோரை மட்டுமன்றி வெளியிலிருந்தோரையும் தடுத்தது என்பதற்குக் கோதண்டராம நடேசையரின் வாழ்வு தக்க சான்று. தஞ்சை மாவட்டத்திலிருந்து இலங்கை வந்த அவர், தொழிலாளரின் நிலையை நேரிற் காண விழைந்தபோது, படித்த மனிதனாக லயத்துள் நுழைய இயலவில்லை. புடைவை வியாபாரி வேடம் பூண்டு, துணி மூட்டையைச் சுமந்து தோட்டங்களுள் நுழைந்தார். விற்பவன் என்றால் வழியுண்டு. பார்ப்பவன் என்றால் இல்லை. 1931 இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை ஹட்டனில் அவர் நிறுவியதும், அவர் மனைவியார் மீனாட்சியம்மை பாட்டாலும் பேச்சாலும் அப்பணியிற் பங்குகொண்டதும் மலையகத் தொழிற்சங்க வரலாற்றின் தொடக்கமாகும்.

வெள்ளையரேனும் இவ்வெல்லையை மீறின் உலாவும் உரிமையை இழப்பர் என்பதை 1937 காட்டிற்று. மடுல்கெலைப் பகுதித் தோட்டமொன்றிற் பயிற்சித் துரையாயிருந்த மார்க் அந்தனி பிறேஸ்கேடில் என்னும் இளைஞர், தொழிலாளர் பக்கம் நின்று நாவலப்பிட்டிக் கூட்டமொன்றிற் பேசினார். சில நாட்களுள் நாட்டைவிட்டு நீங்குமாறு தேசாதிபதி ஆணையிட்டார். பிறேஸ்கேடில் தலைமறைவானார், பின்னர் காலிமுகத்திடல் மேடையில் மக்கள்முன் தோன்றினார். அவ்வாணை சட்டத்துக்கு முரணானதென உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வழக்கு அரசியலமைப்பு மாணவர்க்கு நன்கு தெரிந்தது. அதன் அடியில் இருந்த வினா எளியது: ஒருவன் எங்கு நடக்கலாம், எவரோடு நின்று பேசலாம்?

சுதந்திர இலங்கை அவ்வினாவுக்கு அளித்த விடை மலையக மக்களைப் பொறுத்தவரை முன்னையதினும் கடுமையானது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், இந்நாட்டிற் பிறந்தவனாயினும் தன் தந்தையோ தந்தைவழிப் பாட்டனும் முப்பாட்டனுமோ இங்குப் பிறந்தமையை நிறுவுமாறு கேட்டது. லயத்துப் பிறப்புகளுக்குப் பதிவேடு எங்கே? அடுத்து வந்த 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம், 1946 சனவரி 1க்கு முன்னர் மணமானோர் 7 ஆண்டும் மணமாகாதோர் 10 ஆண்டும் இந்நாட்டில் இடையறாது வதிந்தமைக்குச் சான்று வேண்டிற்று. ஊருக்குப் போய் ஓராண்டுக்கு மேல் தங்கியிருப்பின் தொடர்ச்சி அறுந்தது. எட்டாண்டு அலைந்தமை ஒருவருக்கு நூலாயிற்று. ஏழாண்டு அசையாதிருந்தமைக்கு இன்னொருவர் சான்று தேட வேண்டியிருந்தது. தாயின் மரணத்துக்கோ தங்கையின் திருமணத்துக்கோ தமிழகம் சென்று தங்கியவரின் விண்ணப்பம் அக்காரணத்தாலேயே தள்ளப்படலாம். இச்சட்டத்தின் கீழ் விண்ணப்பித்த எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருள் ஏறத்தாழ ஆறிலொரு பங்கினரே பிரசாவுரிமை பெற்றனர்.

1964 அக்டோபர் 30 இல் கையொப்பமான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974 இல் பாதிப்பாதியாகப் பிரிக்கப்பட்டனர். முன்னோர் நடந்து வந்த திசைக்கு எதிர்த்திசையிற் பேரர் சென்றனர். மலைநாட்டு நிலையங்களிலிருந்து தலைமன்னாருக்குச் சென்ற புகையிரதத்தை மக்கள் ‘அழுகைக் கோச்சி’ என அழைத்தனர். அவர்களுட் பெரும்பாலோர் தமிழகத்தை அதற்கு முன் கண்டதில்லை. அவர்கள் கையிலிருந்த கடவுச்சீட்டும் ஒருவழிக்கே உரியது. மடக்கொம்பரைத் தோட்டத்திற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) தம் நாவலொன்றுக்கு ‘வீடற்றவன்’ எனப் பெயரிட்டமையின் பொருள் இக்காலப் பின்னணியில் நன்கு விளங்கும். 1984 இல் தலைமன்னார்க் கப்பல் நின்றது. நாட்டில் தங்கியவருள்ளும் பிரசாவுரிமை கிட்டாதோருக்கு அடையாள அட்டை கிட்டவில்லை. போர்க்காலச் சோதனைச் சாவடிகளில் அட்டையின்றி அகப்பட்ட மலையக இளைஞர் பலர் தடுத்து வைக்கப்பட்டனர். இந்திய வம்சாவளியினருக்குப் பிரசாவுரிமை வழங்கும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமே எஞ்சியோரின் நாடற்ற நிலைக்குப் பெருமளவில் முடிவு கட்டிற்று.

மலைநாடு இன்று மீண்டும் உலாவுவோரின் நாடாகியுள்ளது. கந்தப்பளையை அண்டிய ஹெதர்செட் தோட்டத்துப் பழைய தேயிலைத் தொழிற்சாலை 1996 இல் விடுதியாயிற்று. 2005 முதல் காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த துரைமார் பங்களாக்கள் சிலவும் விருந்தினருக்குத் திறக்கப்பட்டன. அண்மை ஆண்டுகளிற் கண்டியின் ஹந்தானையிலிருந்து நுவரெலியாவரை 300 கிலோமீற்றருக்கு மேல், 22 கட்டங்களாக, நடைப்பாதை ஒன்று குறிக்கப்பட்டு வெளிநாட்டவரிடையே பெயர்பெற்றுள்ளது. அதன் பெரும்பகுதி தோட்டங்களின் பழைய பாதைகளே. கொழுந்துக் கூடையோடு ஒதுங்கி நிற்கும் பெண்ணைக் கடந்து, முதுகிற் பையோடு பயணி செல்கின்றார். அவர் நல்ல எண்ணத்துடனேயே வணக்கம் கூறுகின்றார், அப்பெண்ணும் சிரிக்கின்றாள். நிரை முடிந்து நிறுவைக்குப் போகும் நேரம் மட்டும் இருவருள் ஒருவருக்கே உண்டு. சித்திரைப் பருவத்தில் கிரகரி ஏரிக்கரையில் தோட்டத்துக் குடும்பங்களும் இன்று பெருந்திரளாக உலாவக் காணலாம் என்பதையும் கூறாது விடுதல் நேர்மையாகாது.

இந்நடைப்பாதை புகழ்பெறத் தொடங்கிய காலத்தை ஒட்டியே மற்றொரு நடையும் நிகழ்ந்தது. மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்து 200 ஆண்டுகள் நிறைவுற்றதை ஒட்டி, ‘மாண்புமிகு மலையக மக்கள்’ என்னும் பெயரில், 2023 யூலை இறுதியில் தலைமன்னாரிலிருந்து ஒரு கூட்டத்தார் கால்நடையாகப் புறப்பட்டனர். முன்னோர் வந்த வழியை ஒட்டியே வந்தனர். வழியிலுள்ள ஊர்களிற் பலர் அவர்களோடு சேர்ந்து சில மைல் நடந்தனர். காணியுரிமை, வீட்டுரிமை, நாட்டின் ஏனைய குடிகளோடு ஒத்த உரிமை என்பன அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளுள் அடங்கும். ஆகஸ்டு 12 இல் அவர்கள் மாத்தளையை அடைந்தனர்.